கடினத்துக்கு நீ சொல்லித்தந்த இங்கிலீஷ்

இன்று காலை கூக்கால் கிராமத்திலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு விடுதிக்கு வந்தாள். விண்ணப்பத்தில் ‘ஹார்ட் வொர்க்’ என்று எழுதியிருந்தாள். சரியாகத்தான் எழுதியிருந்தாள். வேலையும் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நீ நினைவுக்கு வந்தாய்.

இதே விடுதிக்கு நாம் இருவரும் வேலை கேட்டு வந்தோம். நான் மன்னவனூரிலிருந்து முதல் பஸ்ஸில், கேரட் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி வந்திருந்தேன். நீ கொடைக்கானல் டவுன்காரி, என் சிநேகிதி. எவ்வளவு கடினமான வேலையும் செய்வேன் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வதென்று வாசலில் உன்னிடம்தான் கேட்டேன்.

“‘ஹார்ட்’னு மட்டும் சொன்னா மொரட்டுத்தனமா இருக்கும்டி. ‘ஹார்ட்லி’ன்னு சொல்லு. மரியாதையா இருக்கும்.”

உள்ளே போய் ஒப்பித்தேன். “ஐ ஹார்ட்லி வொர்க், சார்.” மேலாளர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். ‘நான் வேலையே பார்ப்பதில்லை’ என்று சொல்லியிருக்கிறேன் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் நீயே சொன்னாய். “நாந்தான் சொல்லிக்குடுத்தேன். இவ அப்படியே போய்ச் சொல்லிருக்கா.”

உனக்கு வரவேற்பு மேஜை. எனக்குச் சலவை அறை. மார்கழிக் குளிரில் ஈரப் போர்வைகளைப் பிழிந்து விரல்கள் வெடித்தன. “ஹார்ட்லி, வெரசா வா” என்று சமையல்காரர்கூடக் கூப்பிட்டார்.

அறைகளில் விட்டுப்போன செய்தித்தாள்களை வைத்து நான்கு வருடம் இங்கிலீஷ் படித்தேன். மேற்பார்வையாளர் ஆனேன். ஒருநாள் நீ ஒரு விருந்தினரிடம், “யெஸ்டர்டே ஐ டெல் யூ” என்றாய். அவர் முன்னாலேயே, ரொம்பப் பொறுமையான குரலில், “டோல்ட்” என்றேன். மறுநாள் வேறொன்று. பிறகு தினமும்.

“எதுக்குடி ஆளுங்க முன்னாடி?” என்று மாடிப்படியில் மறித்துக் கேட்டாய்.

“கத்துக்க வேணாமா?”

தொலைபேசியை எடுக்கவே உனக்கு நாக்கு தடுமாறியது. நீ பழனிக்குப் போய் ஒரு லாட்ஜில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்ட அன்று, நான் இன்னொரு தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

போன வருடம் உன் தம்பி பேசினான். மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாயாம். “கடைசியா ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்கக்கா.”

“சோலி கெடக்கு தம்பி,” என்றேன். ஒரு சோலியும் இல்லை. சீசன் முடிந்து அறைகள் காலியாகத்தான் கிடந்தன.

“செத்தவ மேல என்னத்தா கோவம்?” என்கிறாள் அம்மா. ஒருமுறை விட்டுப்பார்த்தேன். ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கியபோது, நீ நடுங்கிக்கொண்டே உன் ஸ்வெட்டரைக் கழற்றி என் தலையில் போட்டது ஞாபகம் வந்தது. கோபத்தை விட்டால் உனக்காக நான் அழவேண்டிவரும். அதற்கு எனக்கு இன்னும் மனம் வரவில்லை.