வான்வழி நாலு கிலோமீட்டர்

அக்டோபர் 14, செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

சுகாதார நிலையத்து ரெஜிஸ்டரில் எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருப்பது பொய். தூரம் 4 கி.மீ. என்று இருக்கிறது. மலை ரோட்டில் போனால் 23. நடுவே ஒரு பெரிய பள்ளம். அது யார் கண்ணிலும் படவில்லை.

அண்ணிக்குப் பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள். தூரத்து ஊர்ப் பெண்களுக்குப் பிரசவத்துக்கு முன்பே அங்கே தங்கப் படுக்கை கொடுக்கிறார்கள். நாங்கள் பக்கத்து ஊராம், கிடையாதாம். முதல் குழந்தை போகிற வழியில் ஜீப்பிலேயே பிறந்து, ஜீப்பிலேயே செத்தது. அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ரெஜிஸ்டர் எழுதும் கிளார்க் கள்ளக்குறிச்சிக்காரர்.

"இது வான்வழி தூரம்பா. மேப்புல கோடு போட்டா நாலுதான் காட்டுது. நான் இன்னா பண்றது?"

"எங்க அண்ணிக்கு றெக்கை இல்லிங்க சார்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக். 15, புதன். வெயில்.

வாங்க: பெட்ரோல், அண்ணிக்கு நைட்டி 2, பிளாஸ்க்.

கிளார்க்கை பைக்கில் ஏற்றிவிட்டேன். "மீட்டரப் பாத்துக்கினே வாங்க சார். நீங்களே எழுதுங்க." மூன்றாவது வளைவில், "மெதுவாப் போப்பா, எனக்கும் வூட்ல புள்ளைங்க கீது." அடுத்த வளைவில் இறங்கி ஓரமாக வாந்தி. பைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

ஊர் சேர்ந்தபோது மீட்டரில் 23.4. அண்ணி தண்ணீர் கொடுத்தார். கிளார்க் அவர் வயிற்றைப் பார்த்தார், பிறகு பள்ளத்தை. எதிர்ப்பக்கம் சுகாதார நிலையத்தின் கூரை பளிச்சென்று.

"இங்கேருந்து கூப்ட்டா கேக்கும் போல கீதே!"

"கேக்கும் சார். வரத்தான் முடியாது."

அண்ணியின் கார்டில் 23 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக். 17, வெள்ளி. மேகமூட்டம்.

சுகாதார நிலையத்தில் அண்ணிக்கு ஜன்னலோரப் படுக்கை கிடைத்துவிட்டது. அண்ணனுக்குத் தரை, பாய். பிளாஸ்க் மூடி ஒழுகுகிறது, மாற்ற வேண்டும்.

அக். 21, செவ்வாய். கொட்டித் தீர்த்த மழை.

பாறை உருண்டு ரோடு அடைப்பு. ஜீப் இல்லை, பஸ் இல்லை. பத்து மணிக்கு அண்ணன் போன். பெண் குழந்தை. 2 கிலோ 800. பேச முடியாமல் அழுகிறான்.

"அழாதண்ணா, ரெண்டு பேரும் நல்லாத்தான கீறாங்க?"

"நல்லாக்கீறாங்கடா. அதான்."

போக வழியில்லை. பள்ளத்து விளிம்பில் நின்று அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. பிறகு பயங்கரப் பசி. ஆறு தோசை.

இன்றைக்கு அண்ணி வீட்டில் இருந்திருந்தால்? வேண்டாம். யோசிக்க வேண்டாம்.

அக். 23, வியாழன். ரோடு திறந்தாயிற்று. இளவெயில்.

பாப்பாவைப் பார்த்தேன். அண்ணன் மூக்கு, பாவம். அண்ணி நன்றாகத் தூங்குகிறார். வாங்கிப்போன மிட்டாயில் கிளார்க் இரண்டு எடுத்துக்கொண்டார். "என்னாலதான் உங்க அண்ணி பொழைச்சிது, ஆமாவா இல்லியா?" ஆமாம் என்றேன். உண்மைதான்.

மேசையில் ரெஜிஸ்டர் திறந்து கிடந்தது. எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே இன்னமும் 4. அண்ணியின் கார்டில் மட்டும்தான் மாற்றியிருக்கிறார். ஊரில் இன்னும் இரண்டு பேர் மாசமாக இருக்கிறார்கள். ஒருத்திக்கு அடுத்த மாதம்.

பேனாவை நீட்டினேன். "இத அடிச்சிட்டு எம் முன்னாடியே எழுதுங்க சார். இப்பவே."

பேனாவை வாங்காமல், மிட்டாயை மென்றுகொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.