உப்பு வாங்கிய கதை

தை 9, வெள்ளி.

தூக்கம் வரவில்லை. சின்ன விஷயம்தான். மனசு ஆறமாட்டேன் என்கிறது.

களத்தில் ராகி அடித்ததும் முதலில் வீட்டுக்கு எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அடுத்து, அறுத்தவர்களுக்குக் கூலியாக அளப்போம். மிச்சம்தான் வியாபாரிக்கு. இந்த வருஷம் வியாபாரி, "லாரி நெறஞ்சாத்தாங்க இந்த வெல" என்றான். எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். அறுத்த மாதம்மாவுக்குப் பணமாகக் கொடுத்தேன்.

"ராகியா குடுத்தா ஆகாதுங்களாண்ணா?" என்று கேட்டாள். ஆகாது என்றேன்.

இன்று சாயங்காலம் மாரண்டஹள்ளி மளிகைக் கடையில் ராகி மாவு பாக்கெட்டைத் திருப்பி விலை பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். மாதம்மா. அவள் கையிலும் அதே பாக்கெட்.

"நீங்களுமாண்ணா?"

பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். "இல்லம்மா, உப்பு வாங்க வந்தேன்."

அவள் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம், "அண்ணனுக்கு மொதல்ல உப்பு குடுங்க" என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

வீட்டில் மனைவி களிக்கு உலை வைத்துக் காத்திருந்தாள். பையைத் திறந்தவள், "மாவு எங்கங்க?" என்றாள். உப்புப் பாக்கெட்டை எடுத்து அடுப்போரம் வைத்தேன். கொதித்த தண்ணீரில் ரேஷன் அரிசியைக் கழுவிப் போட்டாள்.

குழம்பில் உப்பு குறைவு. கேட்க வாய் வரவில்லை.