பக்கவாட்டுப் பொத்தானை முன்புபோல் ஆக்கித் தரக் கோரி

அனுப்புநர்
மௌரீன் ஓஸ்வால்ட்,
புவியியல் ஆசிரியை (பணி ஓய்வு),
விவேக் நகர், பெங்களூரு.

பெறுநர்
குறைதீர் அலுவலர்,
ஜெல்டோரா மொபைல்ஸ்,
தென்மண்டல அலுவலகம், சென்னை.

பொருள்: தங்கள் கைப்பேசியின் அவசர அழைப்புப் பொத்தானில் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ள கேள்வியை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் விவேக் நகரில் தனியாக வசிப்பவள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் லவினா டப்ளினில் வேலை பார்க்கிறாள். புகார்களைத் தமிழிலும் அனுப்பலாம் என்று தங்கள் உத்தரவாத அட்டையில் அச்சிட்டிருப்பதால் தமிழில் எழுதுகிறேன்.

1. பழைய கைப்பேசி உயிரை விட்டதால், கடந்த தவக்காலத்தில் ஆடுகோடியில் உள்ள ஒரு கடைக்குச் சென்றேன். கைக்குள் அடங்க வேண்டும், ஹெட்செட் செருக ஓட்டை வேண்டும், பேட்டரியை நானே கழற்றி மாற்ற முடிய வேண்டும், விலை நடுத்தரமாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். கடையிலிருந்த பார்கவி என்ற பெண் மேசை நிறையக் கைப்பேசிகளைப் பரப்பினார். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பலகைகள். "ஆன்ட்டி, நீங்க கேக்கற மாதிரி இப்ப வர்றதே இல்ல. இதுல நாலு கேமரா இருக்கு, பாருங்க" என்றார். என் வீட்டில் படமெடுக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன், அதற்கு நாலு கேமரா எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியைத் திறந்தார். இருப்பதில் சிறியது என்று தங்கள் நிறுவனத்துக் கைப்பேசியை வாங்கி வந்தேன். அதுவும் என் கைப்பையில் நுழையவில்லை.

2. ஆகவே வியாழக்கிழமை மாலைகளில் குழந்தை இயேசு கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போகும்போது அதைக் கையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஜெபமாலையும் அதே கையில்தான். கட்டைவிரல் மணியை அழுத்தும் இடமும் தாங்கள் பொத்தான் வைத்திருக்கும் இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன. அந்தப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்தினால், நான் ஆபத்தில் இருப்பதாக என் மகளுக்குச் செய்தியும் நான் இருக்கும் இடத்தின் வரைபடமும் போகும் என்பது எனக்குத் தெரியாது. கடையில் அந்தப் பெண் லவினாவின் எண்ணைக் கேட்டுப் பதிந்தபோது, ஏதோ விதிமுறை என்று நினைத்துச் சொல்லிவிட்டேன்.

3. முதல் வியாழன் பாதி ஜெபமாலையில் கைப்பேசி அடித்தது. வாராவாரம் என் பக்கத்தில் உட்காரும் யூனிஸ் முறைத்தார். வெளியே மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்துக்கு ஓடி எடுத்தேன். "மம்மி, என்னாச்சு? எங்க இருக்கீங்க? மேப்புல ஏதோ மட்டன் கடை காட்டுது" என்று லவினா அழாத குறையாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்று விளக்கியதும் திட்டினாள். திட்டி முடித்தபின் பேசினாள். அங்கே மதிய உணவு நேரம். அவள் மென்றுகொண்டே பேசுவது கேட்டது. சிறு வயதில் அதற்காக எத்தனையோ முறை அவளை அதட்டியிருக்கிறேன். அன்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

4. அடுத்த வாரமும் அப்படியே ஆயிற்று. விரல் வைக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளும்படி சொன்னாள். நான் மாற்றிக்கொள்ளவில்லை. இம்மனுவில் அதை மறைக்க விரும்பவில்லை. அதன்பின் பல வியாழக்கிழமைகள் என் மகள் என்னோடு பேசினாள்.

5. நானே அழைத்துப் பேசலாமே என்று தாங்கள் கேட்கலாம். அழைத்துப் பார்த்திருக்கிறேன். "மம்மி, எதாவது விஷயமா?" என்பாள். விஷயம் என்று ஒன்றும் என்னிடம் இருப்பதில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்பாள். மறந்துவிடுவாள். பொல்லாத பெண் இல்லை, வேலை அப்படி.

6. அம்மா இப்படி அடிக்கடி தவறுதலாக அழுத்துகிறாளே என்ற கவலையில் லவினாவே தங்கள் நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். தாங்களும் உடனே கவனித்துப் புதிய அப்டேட் அனுப்பியிருக்கிறீர்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் திரையில், "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்களா?" என்று வருகிறது. கீழே ஆம், இல்லை என இரண்டு கட்டங்கள். ஆம் என்பதைத் தொட்டால்தான் செய்தி போகிறது.

7. முன்பு கைப்பேசி எதையும் கேட்கவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. இப்போது பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஆம் என்று தொட எனக்கு மனம் வரவில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை, விழவில்லை, யாரும் சங்கிலியைப் பறிக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு வியாழனும் இல்லை என்பதைத் தொடுகிறேன். அதைத் தொடும்போதும் உண்மை சொன்னதாகத் தோன்றவில்லை. நவநாள் முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

தங்கள் பொறியாளர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் என் ஒரு கைப்பேசியில் மட்டுமாவது அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, பொத்தானை முன்பிருந்தபடியே தவறு செய்ய விடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இதை என் மகளுக்குத் தெரிவிக்க வேண்டாம்.

இம்மனுவின் மீதான முடிவைக் கடிதமாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்பாமல், யாராவது அழைத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். முடியாது என்பதே முடிவானாலும் அழைத்தே சொல்லுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இடம்: பெங்களூரு
நாள்: 19.09.2025

உண்மையுள்ள,
மௌரீன் ஓஸ்வால்ட்
(ஒப்பம்)

இணைப்பு: கடை ரசீதின் நகல் (என் கைப்பேசி எண் அதில் உள்ளது)