நின்றதற்குக் கூலி

நவம்பர் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. மைதானம் முழுக்கச் சேறு. ஓட்டம் இல்லை, பள்ளிக்கூடப் படிகளில் ஏறி இறங்கியதுதான் பயிற்சி.

கலஹாவிலிருந்து அம்மாவின் கடிதம், பக்கத்து வீட்டு அண்ணனின் கையெழுத்தில். கட்டுகஸ்தோட்டை போர்டிங்குக்கு இனிக் காசு கட்ட முடியாதாம். தை பிறந்ததும் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து, தன்னோடு கொழுந்து எடுக்க வரட்டாம். ஏ.எல். பரீட்சைக்கு இன்னும் ஒன்பது மாதம். மாகாணப் போட்டிக்கு மூன்று வாரம் கூட இல்லை. அழவில்லை. பாண் இரண்டு துண்டு அதிகமாகத் தின்றேன்.

நவ. 5, புதன்
நம்ப முடியவில்லை. டவுனில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முதலாளி (மகள் எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு) ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அடுத்த வருஷக் கலண்டரில் என் படம் போட வேண்டுமாம், அவர் கடைச் சப்பாத்தோடு. அதற்குப் பதிலாக ஏ.எல். முடியும்வரை போர்டிங் காசு அவர் பொறுப்பு.

நான் வெறுங்காலில் ஓடுகிறவள் என்றேன். படத்தில் அது யாருக்குத் தெரியப்போகிறது என்று சிரித்தார். முதலாளி (இனி மு.) நல்ல மனுஷன். அங்கேயே தலையாட்டிவிட்டேன்.

நவ. 8, சனி
ஸ்டூடியோ. கொண்டுபோனவை: பள்ளி ஜேர்சி, சீப்பு, பவுடர், அடையாள அட்டை.

என் அகலப் பாதத்துக்குப் பெண்கள் சப்பாத்து எதுவும் ஏறவில்லை. கடைசியில் ஆம்பிளைச் சப்பாத்து. பின்னால் திரையில் பனிமலை. ஒரு கால் தூக்கி, ஒரு கை முன்னால் நீட்டி, கண் சிமிட்டாமல் நிற்க வேண்டும். இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் தரம் லைட்டையும் சேர்த்து. 1500 மீற்றர் இதற்கு எவ்வளவோ மேல்.

திரும்பும்போது பாலத்தடியில் செக்கிங், பஸ்ஸில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பெண் ஒருத்தி, மு. பெட்டியோடு தந்த புதுச் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். எதற்கு என்று சிங்களத்தில் கேட்டாள், ஓடுகிறேன் என்றேன். எத்தனை மீற்றர் என்றாள். அவளும் பள்ளியில் 400 ஓடினவளாம். பெட்டியை அவளே மூடித் தந்தாள்.

நவ. 12, புதன்
யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். பள்ளி அதிபர் கூப்பிட்டார். ஓடிக் காசு வாங்கியவர் பள்ளிப் போட்டிகளில் ஓடக் கூடாது என்று விதி. வாங்கினாயா என்றார். ஆமாம் சேர் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. காசைத் திருப்பினால் தோட்டம், வைத்துக்கொண்டால் ஓட்டம் இல்லை.

அப்போதுதான் விளையாட்டு மிஸ் கதிரையை விட்டு எழும்பினார். யாழ்ப்பாணத்து ஆள், கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும்.

"சேர், இவள் ஓடினதுக்கு ஒரு சதமும் வாங்கேல்லை. அசையாமல் நிண்டதுக்குத்தான் வாங்கினவள்."

அதிபர் விதிப் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டினார். ஓடுவதைப் பற்றித்தான் எழுதியிருந்தது, நிற்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, போய் ஓடு என்றார். மிஸ்ஸைக் கட்டிப் பிடித்திருப்பேன், பயத்தில் விட்டுவிட்டேன்.

நவ. 18, செவ்வாய்
சப்பாத்தோடு ஓடிப் பார்த்தேன். காலில் செங்கல் கட்டினது போல. ஒன்பது செக்கன் கூடுதல். ஆனால் மு. காசு தந்திருக்கிறாரே. கடைக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

"ஓடக்குள்ள வாணாம் மகள். மேடையில நிக்கக்குள்ள போட்டா போதும். காசு நிக்கத்தானே தந்தன்."

அவர் மகள் அதிபர் கதையை வீட்டில் சொல்லியிருக்கிறாள்!

நவ. 22, சனி
வெயில். போகம்பறை மைதானம். அம்மா வந்தாள், அரை நாள் சம்பளம் விட்டு. நான் ஓடி அவள் பார்ப்பது இதுதான் முதல் தரம்.

வெறுங்கால். மூன்றாம் சுற்றுவரை ஐந்தாவது. கடைசி வளைவில் யார் யாரை முந்தினேன் என்று நினைவில்லை. முதலாவது. முதலாவது!

பேர் கூப்பிட்டதும் சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். கீழே மு. கைதட்டுகிறார், மிஸ் கண்ணைத் துடைக்கிறார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா எங்கேயோ பார்த்தபடி சொன்னாள்: "தோட்டத்துக் கணக்கப்புள்ளகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். எம்மக தையில பேரு பதிய வரமாட்டான்னு."

சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் ஓடுவதற்கு முன்பே.

வலது சப்பாத்து கடிக்கிறது. இன்னும் கழற்றவில்லை.