ஷெத்லி மாமாவின் பக்கங்களில் தலைப்பே இல்லை

ஸ்ஃபாக்ஸ்,
வியாழன்

அன்புள்ள ஹயாத் அக்காவுக்கு,

சலாம். மர்சேயில் குளிர் எப்படி? குழந்தைகள் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. ஹரிஸ்ஸாவுக்கு மிளகாய் அரைக்கிறேன் என்று வீட்டையே தும்ம வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதத்தைக் கணினி எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டியது. மொன்செஃப் மச்சானின் மாமா ஷெத்லியை மன்னித்து, நகராட்சிக்கு அவருக்குச் சாதகமாக அறிக்கை எழுதச் சொல்கிறாய். இல்லாவிட்டால் அவருடைய வகுப்பை மூடிவிடுவார்களாம், உனக்கு அந்த வீட்டில் நிம்மதி இருக்காதாம். நடந்ததை என் வாயாலும் கேள்.

பார்வையில்லாத நான் அவருடைய வலைப்பக்க வகுப்பில் சேரப் போனபோது என்ன சொன்னார்? "நீ பக்கம் செஞ்சு யாருக்கும்மா காட்டப்போற? வீட்ல உக்காந்து பின்னல் போடு, போ." வகுப்பே சிரித்தது. அன்று எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை, அக்கா. வீட்டிலேயே உட்கார்ந்து, காதால் கேட்டுக் கேட்டு, வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியைக் கற்றேன்.

இப்போது நூலகத்தின் வலைத்தளத்துக்காக அவருடைய மாணவர்கள் செய்த பக்கங்களை நகராட்சி கேட்டது. பார்வையற்ற ஒருவர் சோதிக்க வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். மனுஷருக்கு நாக்கில் தேன் வழிந்தது. "வாம்மா எஸ்ஸியா, நம்ம வீட்டுப் பொண்ணு" என்று நாற்காலி இழுத்துப் போட்டார்.

ஊரே கேட்கட்டும் என்று, திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் சத்தத்தை முழுசாக வைத்தேன். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும் விசையை அழுத்தினேன். "தலைப்பு இல்லை" என்றது. அடுத்த பக்கமும் அதே கதை. தலைப்புக்குரிய குறியே போடாமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அதுதான் தலைப்பு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். எதைத் தொட்டாலும் டிவ் என்ற வெறும் பெட்டி. வழிகாட்டும் மெனுப் பட்டி எது, உள்ளடக்கம் எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"கண்ணுக்கு அழகாத்தானே இருக்கு, இதைப் போய்ப் பெரிசு பண்ணாதம்மா" என்றார். "அப்படியா மாமா? நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்று திரையின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை நூலகம் எப்போது திறக்கும் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டார், வழி தெரியாமல் மறுபடி மேலேயே போய் நின்றார். கூட இருந்த நகராட்சி அதிகாரிகள் சிரித்தார்கள். நான் தடுக்கவில்லை. இனித்தது, அக்கா. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

இப்திசாம் என்ற பெண்ணின் பக்கம் மட்டும் வேறு மாதிரி. மேலே ஒரே ஒரு முதன்மைத் தலைப்பு, அதன்கீழ் வரிசையாகத் துணைத் தலைப்புகள், பட்டிக்கும் உள்ளடக்கத்துக்கும் அதற்குரிய குறிகள். இரண்டே தாவலில் வெள்ளிக்கிழமை நேரம் வந்தது. "யாரு பாக்கப்போறா இதையெல்லாம்?" என்று கேட்டு மாமா அவளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறார். சொல்லும்போது அந்தப் பெண் அழுதாள். கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் எனக்கு அப்போதே போய்விட்டது.

நேற்று மாமா மக்ரூத் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கே வந்தார். "ஒரு வரி மாத்தி எழுதும்மா. என் பொழப்பே போயிடும். மொன்செஃப் முகத்துக்காகவாவது" என்று கெஞ்சினார். "பின்னல் போடத் தெரியுமா மாமா? அம்மா சொல்லித்தருவாங்க" என்றேன். காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

அறிக்கையை இன்று காலை அனுப்பிவிட்டேன். இப்திசாமின் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம், மற்றவை உதவாது, கற்பித்தவரின் குறை என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்பிவிட்டேன் என்று எழுதியிருக்கலாம். இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் அனுப்பினேன்.

மச்சான் கத்துவார். பழியை என் தலையில் போடு. "அவ என் பேச்சைக் கேக்கல, இனி அவளுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல" என்று அவர் முன்னாலேயே சொல்லிவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். அல்லாஹ் உன் வீட்டில் நிம்மதியைத் தரட்டும்.

மச்சான் வேலைக்குப் போன பிறகு ஒரு போன் மட்டும் போடு, அக்கா. திட்டவாவது போடு.

உன் தங்கை,
எஸ்ஸியா