சத்தியம் செல்லாது

நவம்பர் 12

தலைமையாசிரியர் மனோகரன் சார் எங்கள் போஸ்டரைக் கிழித்துவிட்டார். "சாகணும்போல இருக்கா? எங்களிடம் பேசு. மதிய இடைவேளை, சைக்கிள் ஷெட்." இவ்வளவுதான் எழுதியிருந்தோம். "அந்த வார்த்தையப் படிச்சாலே புள்ளைங்களுக்கு அந்த நெனப்பு வந்துடும்மா. ஸ்கூல் பேரு என்னாவுறது?" என்றார்.

பேராம் பேர்! போன வருடம் ஒரு பிள்ளையை இழந்தோமே, அப்போது எங்கே போயிற்று அந்தப் பேர்? பிள்ளைகளிடம் பேசிக் கேட்க எங்கள் ஐந்து பேருக்கும் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வராது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

நானும் ஐவரில் ஒருத்தியான ஷமீராவும் மறுபடி எழுதினோம். இன்னும் பெரிய எழுத்தில்.

நவம்பர் 13

அதையும் கிழித்தார். அட்டை நிறைய இருக்கிறது.

நவம்பர் 24

மழை லீவு. படகு எதுவும் போகவில்லை. அம்மாவுக்கு மீன் மார்க்கெட்டில் வேலை இல்லாததால் நாள் முழுக்க என்னைத் திட்டும் வேலை. கருவாட்டையெல்லாம் வீட்டுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறாள். என் இங்கிலீஷ் புத்தகம்கூட மணக்கிறது.

டிசம்பர் 3

எழுதியே தீர வேண்டும்.

மதியம் வானதி தன் வாட்ச்சைக் கழற்றி என் கையில் கட்டினாள். அவள் அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள், கெஞ்சினாலும் அதைத் தொடவிட மாட்டாள். "நீயே வச்சுக்க லேகா. இனிமே எனக்கு எதுக்கு?"

யார் யாரிடமோ கேட்ட வாய், இவளிடம் கேட்க வரவில்லை. ஆனாலும் கேட்டேன். "செத்துப்போகணும்னு நெனக்கிறியா வானதி?"

அழவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டேன். பண்ணித் தொலைத்துவிட்டேன்! இந்த ரகசியத்தை மட்டும் காக்கவே கூடாது என்பதுதான் பயிற்சியில் முதல் பாடம். தெரிந்தும் பண்ணினேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஷமீராவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெரு மார்க்கெட்டுக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னதும், மீன் வெட்டிக்கொண்டே அம்மா கேட்டாள். "என் மேல சத்தியமா? என்னையக் கேட்டாடி பண்ணுன?"

"மீறுனா ஒனக்கு எதுவும்..."

"சுனாமிக்கே தப்பிச்சவ நான். ஒன் சத்தியமா வந்து தூக்கிட்டுப் போவப்போவுது? ஓடிப்போயி டீச்சர்கிட்ட சொல்லுடி, கூமுட்ட!"

ஓடினேன். எங்கள் வகுப்பு அனுசுயா டீச்சர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. வானதியின் அம்மாவை வரவழைத்தார், மனநல உதவி எண் 14416க்குப் பேசினார். சாயங்காலமே மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். ஆட்டோவில் ஏறும்போது வானதி என்னைப் பார்த்துச் சொன்னாள், "துரோகி. இனிமே எங்கிட்ட பேசாத."

சரி. துரோகியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ இருடி.

டிசம்பர் 17

வானதி அரையாண்டுத் தேர்வுக்கு வந்தாள். வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். வாட்ச்சை நீட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்குப் பொய்?

அவளாகக் கேட்கிறவரை இது என் கையில்தான் இருக்கும். கருவாடு காயப்போடும்போதும் கழற்ற மாட்டேன். இன்னொரு சத்தியம் வாங்கினால் அதையும் மீறுவேன்.

ஜனவரி 21

மனோகரன் சார் கூப்பிட்டார். "வானதி விஷயத்த ஏம்மா முதல்ல எங்கிட்ட சொல்லல?"

"நீங்க போஸ்டரக் கிழிச்சீங்க சார். உங்ககிட்ட எப்படி வர்றது?"

கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்தார். ஷெட்டுக்கு உள்ளே மட்டும் ஒட்டிக்கொள்ளலாமாம். நாளைக்கு வெளியில்தான் ஒட்டப்போகிறேன்.

ஜனவரி 22

ஒட்டினேன். கிழிக்கவில்லை.

பிப்ரவரி 25

மதியம் வானதி ஷெட்டுக்கு வந்து என் எதிரில் நின்றாள். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "என் வாட்ச்சக் குடு" என்றாள்.

"எதுக்கு?"

"பப்ளிக் எக்ஸாமுக்கு மணி பாக்க வேணாமா? மாத்திரையும் நேரத்துக்குப் போடணும்."

கழற்றிக் கொடுத்தேன். மூக்கருகில் கொண்டுபோனாள். "ஏன்டி, கருவாட்டு நாத்தம் அடிக்குது?"

"அப்படித்தான் அடிக்கும். கட்டிக்க."

கட்டிக்கொண்டாள்.