பட்டாணியின் இடது காது

மேசைக்கு அடியில் குந்திக்கொண்டே ஊர்ப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்த என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

எப்படியிருக்கிறாய்? அங்கேயாவது ஃபேன் போடுகிறார்களா? நீ போய் இரண்டு வருஷத்தில் நம் பாஸ்கர் மாமா பெரிய மனுஷனாகிவிட்டார். அந்தக் கூத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் கேபிள் டிவி பொம்மை நிகழ்ச்சியின் "யாருக்கும் தெரியாத ரகசியங்கள்" என்று வாரம் ஒரு வீடியோ போடுகிறார். நம் கைப்பொம்மை பட்டாணி ஆட்டுக்குட்டியை அசல் காஞ்சிப் பட்டில் செய்தாராம். பட்டாம், பட்டு! அப்பாவின் கிழிந்த லுங்கியையும் என் பழைய உள்பாவாடையையும் வெட்டித் தைத்தவள் நான். கண் இரண்டும் சட்டைப் பொத்தான்.

மதியம் ஒரு மணி நேரம் தியானம் பண்ணிவிட்டுத்தான் ஷூட்டிங்காம். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மைக்கில் விழும் என்று, அவர்கள் சாப்பிட எழுந்த பிறகுதானே நாம் எடுப்போம்? சத்தம் என்று நம் ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். நீ பசியோடு, துணி மூடிய மேசைக்கு அடியில் கையைத் தூக்கிக்கொண்டு வேர்த்துக் கிடப்பாய். அவர் மேலே நாற்காலியில் பவுடர் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தியானமாம், ஆளும் மூஞ்சியும்!

இதையெல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன். ஆனால் போன மாதம் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"பட்டாணி பேசிக்கினு இருக்கும்போதே நடுவுல இருமும் இல்ல? அது நான் யோசிச்சு வெச்சதுபா. குரலே நம்ம குரல்தானே!"

அது உன் இருமல் அக்கா. அந்த மேசைத் தூசியில் பிடித்து, ஆஸ்பத்திரிக் கட்டில்வரை உன்னை விடாமல் வந்த இருமல். ஒருத்தி செத்த இருமலைக்கூடத் தன்னுடையது என்கிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது? எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் அவருக்குப் பத்தாது.

அப்புறம் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக நம் வீட்டுக்கே வந்தார். "மெர்சி, கூரம் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஆண்டு விழாமா. அந்த ஆட்டைக் குடு. உன் பேரையும் மேடையில சொல்லிடறேன்."

"என் பேரு வேணாம். எங்க அக்கா பேரச் சொல்லுங்க, அது போதும்."

"சொல்லிட்டாப் போச்சு, அதுக்கென்னமா."

நானும் கூட வருவேன் என்ற பேச்சில்தான் பட்டாணியைக் கொடுத்தேன். அவர் வாய்ச்சொல்லை நம்பினேனா? இல்லை. ஆனாலும் உன் பேரை ஒரு தடவையாவது மைக்கில் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

மேடையேறினார். துணி மூடிய மேசையின் விளிம்பில் பட்டாணியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். "நான் பொய் சொன்னா இவன் காது ஆடும். உடனே நீங்க 'பொய்யி'ன்னு கத்தணும், சரியா?" பிறகு வலது கையை உள்ளே விட்டார். வலது கையை, அக்கா!

நீ இடதுகைக்காரி. காதை ஆட்டும் விரல் பையை உன் இடது சுண்டு விரலுக்குத்தானே தைத்தேன்? அது தெரியாமல் மனுஷன் உள்ளே துழாவுகிறார், தலையை உலுக்குகிறார், காது அசையவே இல்லை. "பொம்மை பழசாயிடுச்சுபா" என்று வழிந்தார். இத்தனை வருஷம் ஆட்டினவராம், எந்தக் கை என்றுகூடத் தெரியவில்லை. நான் கீழே நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று என் பக்கம் குனிந்து, "மெர்சி, நீ கொஞ்சம் அடியில போய் ஆட்டிடுமா" என்றார்.

போனேன். முட்டி வலிக்கக் குந்தி, இடது கையை உள்ளே விட்டேன். உன் விரல் இருந்த இடத்தில் துணி தேய்ந்து வழவழவென்று இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே அவர் ஆரம்பித்தார். "பசங்களா, பட்டாணிக்குக் குரல் குடுத்தது யாரு? இந்த மாமாதான்!"

காதை ஆட்டினேன்.

"பொய்யி!" என்று கூடமே அலறியது.

"அட, இல்லப்பா, நெசமாத்தான். இருமல்கூட நான்தான்."

மறுபடி ஆட்டினேன். பின்வரிசையில் அப்பா அம்மாக்களும் சேர்ந்து கத்தினார்கள். நாலு தடவை ஏதேதோ சொல்லிப் பார்த்தார், நாலு தடவையும் ஆட்டினேன். கடைசிவரை உன் பேர் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

நீ ஒருநாளும் செய்யாததை நான் செய்தேன் அக்கா. துணியை விலக்கிக்கொண்டு மேசைக்கு அடியிலிருந்து எழுந்து நின்றேன். தலையெல்லாம் ஒட்டடை. பட்டாணியைத் தூக்கிப் பிடித்து, "இதுக்குக் கையும் குரலும் எங்க அக்கா ஸ்டெல்லா" என்றேன்.

அத்தனை பிள்ளைகளும் காதையே பார்த்தார்கள். காது ஆடவில்லை.

யாரும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் மட்டும் "அப்போ அது நெசம்" என்றாள். மாமா மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

கல்லறைத் திருநாளுக்குப் பட்டாணியைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் வருவேன். அதுவரை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இனி எவன் வலது கையும் அதற்குள் போகாது, இது சத்தியம்.

அந்த விரல் பையை உன் கைக்கென்று தைத்த தங்கச்சி,
மெர்சி